தேடலில் வராத அப்பா

எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அக்கா என்று ஒருவர் உண்டு. கடையின் பின்பக்கம் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒரு ஸ்டூல், தண்ணீர் சொட்டும் சாணைச் சக்கரம், ஒரு மேஜை விளக்கு. லென்ஸின் நடுப்புள்ளியை மையால் குறித்து, ஓரத்தைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. அரை மில்லிமீட்டர் விலகினாலும் கழற்றிவிட்டு மறுபடி உட்காருவார். முதலாளி எள் என்றால் எண்ணெயாய் நிற்கிற ஆள் இல்லை அவர். "அவசரம்னா கண்ணை மூடிக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்.

நான் முன்பக்கத்தில் பில் போடுகிறவன், கடையின் இணையதளத்தையும் பார்த்துக்கொள்கிறவன். அவரைவிட இரண்டு வயது சின்னவன். என்னைக் 'கம்ப்யூட்டர் சார்' என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி கிண்டல்.

அவருடைய அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்து, மகளையே சில நாள் "யாரும்மா நீ?" என்று கேட்பார். ஒரு காலை, அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அக்காவே பொருத்திக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனார் என்பது ஒன்றுதான் தெரியும். போலீஸில் கொடுத்த புகார் கிணற்றில் போட்ட கல்லானது. ஒட்டிய நோட்டீஸெல்லாம் ஒரு மழையில் கரைந்தது.

"கம்ப்யூட்டர் சார், கடைக்கு வெச்சிருக்கீங்களே சைட்டு, அது மாதிரி அப்பாவுக்கு ஒண்ணு வைக்க முடியுமா? எனக்குக் கோடிங்கு கீடிங்கெல்லாம் தெரியாது."

தெரிய வேண்டியதில்லை என்று சொன்னேன். கடைத் தளத்தை நான் கட்டியதும் ஓர் இலவச மென்பொருளில்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். படத்துக்கு ஒரு கட்டம், எழுத்துக்கு ஒரு கட்டம்; இழுத்து வைத்தால் பக்கம் தயார். முதலாளியிடம் கேட்டு, கடைக்கு வாங்கிய சர்வரிலேயே ஒரு மூலையை ஒதுக்கினேன். அந்த மென்பொருளை யார் யாரோ சம்பளமில்லாமல் எழுதி, சம்பளமில்லாமலே தமிழாக்கி வைத்திருக்கிறார்கள் என்றதும் அக்கா நம்பவில்லை. "சும்மாவா செஞ்சாங்க? நல்லா இருக்கட்டும்" என்றார்.

ஆரம்ப அமைப்புகளை நான்தான் செய்தேன். பக்கங்களை அவரே கட்டினார். அப்பாவின் படம், பெயர், பார்த்த வேலை, புருவத்துத் தழும்பு, கண்ணாடியின் நிறம், தன் போன் நம்பர். லென்ஸ் பொருத்துகிற அதே கையாயிற்றே, படம் ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்திருந்தால்கூட விடமாட்டார்.

முதல் வாரம் உறவுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அதன்பின் வருகை எண்ணிக்கை மூன்று, நான்கு என்று நின்றுவிட்டது. தினமும் கடை திறந்ததும் அக்கா அதைத்தான் முதலில் பார்ப்பார். "இன்னைக்கு நாலு பேர் பாத்திருக்காங்க" என்பார். அவர் வீட்டிலிருந்து ஒருமுறை, கடையிலிருந்து ஒருமுறை, நான், என் மனைவி. அந்த நாலு பேர் நாங்கள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினான்கு மாதம் போனது. மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றுவதற்காக ஒரு மதியம் அமைப்புகளைத் திறந்தேன். 'தேடல்களில் இந்தத் தளத்தைக் காட்ட வேண்டாம்' என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் இருந்தது. தளம் கட்டும்போது எல்லோரும் செய்வதுதான். அரைகுறையாக யார் கண்ணிலும் படக்கூடாது என்று போட்டு வைப்போம், முடிந்ததும் எடுத்துவிடுவோம். நான் எடுக்கவில்லை. வாசலில் பூட்டை மாட்டிவிட்டு விருந்துக்கு அழைத்திருக்கிறேன். டிக்கை எடுத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. பேசியவர் வேறு ஊரில் முதியோர் காப்பகம் நடத்தும் ஓர் அம்மா. அக்கா கை ஈரத்தோடு போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அவரு பேரையும், டிரைவர்ங்கறதையும் மட்டும்தாம்மா சொன்னாரு. மாசா மாசம் அதைப் போட்டுத் தேடுவோம். ஒண்ணும் வராது. நேத்துத்தான் உங்க சைட்டு வந்துச்சு. ஆனா அவரு மூணு மாசத்துக்கு முன்னாடியே தவறிட்டாரும்மா. நாங்களே அடக்கம் பண்ணிட்டோம். சொந்தக்காரங்களுக்குச் சொல்லணுமேன்னுதான் தேடுறத விடல."

அக்கா சாணையை நிறுத்தினார். தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா காப்பகத்துக்குப் போய் அப்பாவின் கண்ணாடியை வாங்கி வந்தார். காதில் மாட்டும் காம்பு ஒன்று உடைந்து, நூல் சுற்றியிருந்தது. "எங்க இருக்காருன்னே தெரியாமச் செத்திருப்பேன். உங்க புண்ணியத்துல இதாவது தெரிஞ்சுது, கம்ப்யூட்டர் சார்" என்றார். கிண்டலே இல்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

அந்தக் காப்பகத்தில் ஊர் பேர் தெரியாமல் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு தளம் கட்டப்போவதாக அடுத்த மாதம் அக்கா வந்து நின்றார். இந்தமுறை எல்லாவற்றையும் தானே செய்வேன் என்று என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அமைப்புகளை வரி விடாமல் விரல் வைத்துப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது எதுக்கு?"

"கட்டி முடிக்கிற வரைக்கும் யாரும் பாக்காம இருக்க."

"அப்பாவோடதுல இது இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"எப்ப எடுத்தீங்க?"

"அந்தப் போன் வர்றதுக்குப் பன்னெண்டு நாள் முன்னாடி."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் அந்தக் கட்டம் காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டார். சேமி என்பதை அழுத்தினார். முதல் முதியவரின் படத்தை எடுத்து, நேராக வைத்தார்.

பதினோரு பேரையும் ஏற்றி முடித்தோம். நான்கு பேருக்கு வீடு கிடைத்துவிட்டது. அக்கா என்னோடு பேசாமல் இல்லை. வேலை விஷயம் எல்லாம் பேசுகிறார். என்னை இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.