இரண்டு கரைக்கும் ஒரு கயிற்றுக்காரர்

என் அக்கா வீட்டுக்காரரைத் துறைமுகத்தில் ஊமைக்கோட்டான் என்பார்கள். ஊமை எல்லாம் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் நாலு கெட்ட வார்த்தை. வருகிற கப்பலைக் கரையில் கட்டுவது, புறப்படும்போது அவிழ்த்து விடுவது, இதுதான் வேலை. முப்பத்தோரு வருஷமாகச் செய்கிறார். அதில் பத்தொன்பது வருஷம் நான் அவருக்கு ஜோடி.

எனக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் பிடித்துப் போய்விட்டது. அதனால் மாமா எப்போதும் என் வலது பக்கம்தான் நிற்பார். கப்பல் இழுக்கிற இழுப்பில் கயிறு அறுவதற்கு முன்னால் ஒரு முனகல் வரும். அது காதில் விழுந்தவன் குப்புறப் படுத்துப் பிழைப்பான். விழாதவனைக் கயிறு இரண்டாக்கிவிடும்.

உலகப் படத்தில் எங்கள் துறைமுகத்தைத் தேடினால் ஈ உட்கார்ந்த இடம் மாதிரிதான் தெரியும். ஆனால் பக்கத்துக் கடல்வழி குறுகலானது. பாதி உலகத்துச் சரக்கு அதில் நுழைந்துதான் போகவேண்டும். அதனால் புதிதாகத் தலையெடுத்த இரண்டு தேசங்களுக்கு எங்கள்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. ஒன்று கிழக்குக் கரையை ஐம்பது வருஷக் குத்தகைக்கு எடுத்தது. மூன்றாம் வருஷம் இன்னொன்று மேற்குக் கரையை எடுத்தது. இவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆம்புலன்ஸ் கொடுத்தால் மறு வாரம் அவர்கள் இரண்டு கொடுப்பார்கள். ஊரில் சீக்காளிகளைவிட ஆம்புலன்ஸ் அதிகமாகிப்போனது. எந்த தேசத்தின் பேரைச் சொல்லி யார் வாயில் விழுவது? ஹெல்மெட் நிறத்தை வைத்து மஞ்சள், நீலம் என்றே சொல்லிக்கொண்டோம்.

அதுவரை கயிற்று வேலைக்காரர்கள் மட்டும் துறைமுக ஆபீஸ் ஆட்கள். இரண்டு கரைக்கும் நாங்கள்தான் போவோம். ஒருநாள் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வந்தது. இனி எங்கள் கப்பலை எங்கள் ஆட்களே கட்டுவார்கள், ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள், அதற்கு முன்னால் டாக்டர் பரிசோதனை என்றார்கள். மஞ்சள்காரர்கள் என் காதில் மெஷினை வைத்தார்கள். தள்ளிவிட்டார்கள். நீலத்துக்குப் போனேன். அவர்கள் மெஷின் இன்னும் புதிசு, இன்னும் சீக்கிரம் தள்ளியது.

மாமாவை இரண்டு பக்கமும் மேஸ்திரியாகக் கூப்பிட்டார்கள். அவர் எதிலும் கையெழுத்துப் போடாமல் வீட்டில் வந்து உட்கார்ந்தார். நானும் அங்கேதான் கிடந்தேன். அக்கா காய் நறுக்கிக்கொண்டே பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு ராஜா வீட்டுலயும் பொண்ணு தர்றேங்கறான், மாப்பிள்ளை மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்காரு! டேய் தம்பி, நீயாவது சொல்லேண்டா."

"நான் என்னத்தச் சொல்ல? மாமா, எனக்காகப் பாக்காதீங்க. நீங்க போங்க."

"வாய மூடு" என்றார் மாமா. அன்றைய கணக்கில் அது இரண்டு.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஆபீஸ் ஜீப் வந்தது. உள்ளே மஞ்சள்காரர்களின் மொழிபெயர்ப்புப் பெண், முகமெல்லாம் வேர்வை.

"ஐயா, கொஞ்சம் வரணும். மூலையில சிக்கிடுச்சு."

இரண்டு கரையும் சேருகிற மூலையில் ஒரு போலார்டு உண்டு. கப்பலைக் கட்டுகிற இரும்புத் தூண். அது யாருடையது என்று நாலு தடவை அளந்தும் தீராமல், இரண்டு பேரும் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். ஒரே தூணில் இரண்டு கப்பல் கயிற்றைப் போட ஒரு முறை இருக்கிறது. கயிற்று நுனியில் இருக்கிற வளையத்தைக் கண்ணி என்போம். இரண்டாவது கண்ணியை முதல் கண்ணிக்குள் கீழிருந்து நுழைத்து மேலே எடுத்து, அப்புறம்தான் தூணில் மாட்டவேண்டும். அப்படிப் போட்டால் யார் முதலில் கிளம்பினாலும் மற்றவனைத் தொடவேண்டாம். மஞ்சளின் புது ஆட்கள் நீலத்தின் கண்ணிமேலேயே தங்கள் கண்ணியைப் போட்டு இறுக்கியிருந்தார்கள். நீலக் கப்பல் கிளம்பவேண்டும், தண்ணீர் வேறு வற்றிக்கொண்டிருந்தது, விட்டால் கப்பல் தரை தட்டும். மஞ்சள் தளர்த்தினால்தான் நீலத்தின் கயிறு வெளியே வரும்.

போய்ப் பார்த்தால் இரண்டு அதிகாரிகளும் ஐந்தடி தள்ளி நின்று ஆளுக்கொரு போனில் தங்கள் தலைநகரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். தளர்த்த மேலிடம் எழுதித் தரவேண்டும் என்கிறார் மஞ்சள். உங்கள் கயிற்றை அறுத்துவிட்டுப் போங்களேன் என்று யாரோ சொல்லப்போக, எங்கள் கயிற்றை நாங்கள் ஏன் அறுக்கவேண்டும் என்று குதிக்கிறார் நீலம்.

பழக்கதோஷத்தில் நானும் முன்னால் போனேன். மாமா என் நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தார்.

"நீ அங்கயே நில்லு."

சுருக்கென்றது. கைகட்டி வேடிக்கை பார்த்தேன். மாமா அதிகாரிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சள் கப்பலின் மேல்தட்டில் நின்ற நரைத்தாடிக் கயிற்றுக்காரனைப் பார்த்துக் கையால் பேசினார். அவன் ஒரு புதுக் கயிற்றை இறக்கினான். அதை அடுத்த தூணில் கட்டிக் கப்பல் அசையாமல் நிறுத்தினார். அப்புறம் உள்ளங்கையைக் கீழே காட்டினார். அவன் பழைய கயிற்றை மெதுவாக இளக்கினான். புது ஆட்கள் நாலு பேர் கண்ணியைத் தூக்க, மாமா நீலத்தின் கண்ணியை உருவிக் கடலில் எறிந்தார். நீலக் கப்பல் அதை மேலே இழுத்துக்கொண்டது. எல்லாம் பன்னிரண்டு நிமிஷம். அதிகாரிகள் இன்னும் போனில்தான் இருந்தார்கள்.

அதன்பிறகு இரண்டு பக்கத்திலும் நாற்காலி வந்தது, குளிர்ந்த தண்ணீர் வந்தது. மூலைத் தூணை இரண்டு பேருக்கும் பொதுவாக நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மாமா மொழிபெயர்ப்புப் பெண்ணிடம் சொன்னார்:

"பாத்துக்கறேன். என் மாப்ளைக்கும் வேலை வேணும். கயித்துல வேண்டாம். கயிறு கொண்டுபோற படகுல போடுங்க."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பத்தொன்பது வருஷம் கயிறு பிடித்தவனைப் படகோட்டச் சொல்கிறாரா? வீட்டுக்கு வரும் வழியில் வெடித்தேன்.

"நானும் கயித்துலதான் இருப்பேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவனுங்க ஒத்துக்கிட்டிருப்பானுங்க. நீங்களே என்னக் கழிச்சு விட்டுட்டீங்களே மாமா!"

அவர் நடையை நிறுத்தினார். வலது பக்கமிருந்து இடது பக்கம் மாறி வந்து நின்றார், ஒன்றும் தப்பாமல் என் காதில் விழட்டும் என்று.

"அந்த மெஷின் பொய் சொல்லலடா. உன்னக் கயித்துகிட்ட நிறுத்துனது என் தப்பு. ஒவ்வொரு கப்பலுக்கும் உங்கக்கா மூஞ்சிதான் எனக்கு ஞாபகம் வரும். பத்தொம்பது வருஷம், மாப்ள. எனக்கு முடியல."

அவர் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் கோபம் மட்டும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். படகில் சேர்ந்து நாலு நாள் அவரோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் இரண்டு டிபன் பாக்ஸோடு இரும்பு ஏணியில் இறங்கி என் படகுக்கு வந்தார். எதிரே உட்கார்ந்து மூடியைத் திறந்தார். படகு லேசாக ஆடியது. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார், முகம் வெளுத்துப்போய் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வாந்தியெடுத்தார். முப்பத்தோரு வருஷம் கப்பல் கட்டிய மனுஷனுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"மேல போய் நிழல்ல உக்காந்து சாப்பிடுங்க மாமா. இங்க எதுக்கு?"

வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சாப்பிட்டு முடி" என்றார். "அப்புறம் போறேன்."