ஐந்தாம் மாடிக் கூடை

உங்கள் வீட்டுக்கு மருந்து கொண்டுவருகிறவரின் முகம் உங்களுக்குத் தெரியுமா? உங்கள் முகம் அவருக்குத் தெரியுமா?

ஷவ்கிக்குத் தெரியாது. கெய்ரோவின் ஷுப்ராவில், எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்கு ஏழு வருடம் மோட்டார் சைக்கிளில் மருந்து சுமந்தவர் அவர். அதற்கு முன் இருபத்துமூன்று வருடம் நெசவாலையில் வேலை. ஆலையை மூடினார்கள். தறிச் சத்தம் மட்டும் அவருடைய இடது காதில் தங்கிவிட்டது.

அவர் செய்த வேலையைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். டயாலிசிஸ் முடிந்து சுருண்டு கிடக்கும் பேருந்து ஓட்டுநர், பிள்ளை பெற்ற நான்காம் நாள் காய்ச்சல் கண்ட பெண் என்று எத்தனையோ பேருக்கு அவருடைய ஹாரன் சத்தம்தான் உயிர். ஐந்தாம் மாடி இன்சாஃப் டீச்சருக்கும் அப்படித்தான்.

டீச்சர் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவர். இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. லிஃப்ட் கெட்டு எட்டு வருடமாகியும் கட்டிட உரிமையாளர் சரிசெய்யவில்லை. டீச்சர் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். எங்கள் தெருவில் யாரும் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. காலிப் பெட்டி கீழே வரும், அதே பெட்டி நிறைந்து மேலே போகும். அந்தக் கூடை என் இரண்டாம் மாடி ஜன்னலைத் தாண்டித்தான் போய்வரும்.

"ஏ ஷவ்கி! வண்டில வர்றியா, கழுதைல வர்றியா?"

"உங்க கூடை இறங்குறதுக்குள்ள கழுதை குட்டியே போட்ரும் டீச்சர்!"

ஜூன் மாதம், டீச்சரின் அந்த மாத்திரை வரும் நீலப் பெட்டிக்குத் தட்டுப்பாடு. கடைக்காரர் ஹில்மி, மருந்தாளரையும் இங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம், ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"அதே மருந்துதான், வேற கம்பெனி. கொண்டுபோய்க் குடு."

"டீச்சர்கிட்ட சொல்ல வேணாமா டாக்டர்?"

"நான் போன்ல சொல்லிக்கிறேன். நீ மாடி ஏறி நின்னு கதை பேசாத. இன்னும் பதினோரு வீடு கிடக்கு."

அந்த போன் வரவே இல்லை. பையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

மேலே இன்னொரு நீலப் பெட்டியில் பாதி மீதியிருந்தது. ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை எழுதுவதாக மருத்துவர் சொல்லியிருந்தார். இந்த வெள்ளைப் பெட்டிதான் அது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். ஒரு வேளை மாத்திரையையும் தவறவிடாதவர். அன்றிலிருந்து நீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று.

மூன்று வாரம் கழித்து, ஒரு நண்பகலில், கூடையில் இரண்டு காலிப் பெட்டிகள் வந்தன. நீலமும் அதற்குள் கடைக்கு வந்திருந்தது. ஷவ்கி கடையில் காட்டியபோது ஹில்மி ஏறிட்டும் பார்க்கவில்லை. "கேட்டதக் குடு," என்றார்.

ஷவ்கி திரும்பிவந்து இரண்டு பெட்டிகளையும் பையோடு கூடையில் வைத்தார். அப்போதுதான் கைப்பிடியைக் கவனித்தார். பிரம்பில் பழுப்பாகக் காய்ந்த சொட்டுகள். கயிற்றில் ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது. மேலேயிருந்து கிண்டல் எதுவும் வரவில்லை.

"டீச்சர், கையில வெட்டிக்கிட்டீங்களா?"

"இல்லப்பா. மூக்கு. நாலு நாளா நிக்கல." குரல் தேய்ந்திருந்தது. "இழுக்கவா?"

கயிறு இறுகியது. கூடை தரையை விட்டு எழும்பியது. ஷவ்கி எட்டிப் பிடித்தார். ஒரு கணம் மேலும் கீழும் அதே கயிற்றை இருவரும் இழுத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் பையைப் பிடுங்கிக்கொண்டு, வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓடினார்.

"என்ன ஷவ்கி, தீப்பிடிச்சிருச்சா?" என்று இரண்டாம் மாடி வாசலில் நின்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்! அந்தம்மா ரெண்டையும் முழுங்குது!"

நானும் பின்னால் ஓடினேன். டீச்சர் கதவைத் திறந்தார். முழங்கை வரை கருநீலத் திட்டுகள். ஏழு வருடத்தில் முதல் முறையாக அவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்தார்கள்.

"நீ இவ்ளோ கிழவனா ஷவ்கி?" என்று சிரித்தார். ஈறெல்லாம் சிவப்பு. சிரிப்பு முடிவதற்குள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம். மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்கெனவே தொடங்கியிருந்தது என்றார்கள் மருத்துவமனையில். உயிர் தங்கியது. கயிறு பிடித்த வலது கைக்கு அசைவு திரும்பவில்லை, பேச்சும் திரும்பவில்லை.

ஷவ்கிக்கு அன்றே வேலை போனது. வெயிலில் விட்டுப்போன வண்டியில் வேறு யாருக்கோ போகவேண்டிய இன்சுலின் கெட்டுப்போனதாம். "அந்தம்மா ரெண்டு பெட்டி போட்டா நான் என்ன பண்ண?" என்று கேட்ட ஹில்மி மறுநாளும் கடை திறந்தார். விதி என்றார்கள் தெருக்காரர்கள். விதியா? லிஃப்டைச் சரிசெய்யாதது விதியா? வாக்குக் கொடுத்த போனைச் செய்யாமல் விட்டது விதியா? இவற்றைச் செய்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது. மூன்று வாரம் அந்தக் கூடை ரொட்டிக்கும் காய்கறிக்கும் என் ஜன்னலைத் தாண்டிப் போனது. கடைசி நாலு நாளும் நான் சொட்டுகளைப் பார்த்தேன். மாதுளைச் சாறு என்று நினைத்துக்கொண்டேன்.

கூடை இன்னும் பால்கனிக் கம்பியில்தான் தொங்குகிறது. ஹில்மி வேறு ஆளை வைத்திருக்கிறார். அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றுவதில்லை.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு மருந்துப் பை வரும்போது அப்படியே உள்ளே எடுத்துப் போகாதீர்கள். வீட்டிலுள்ள எல்லாப் பெட்டிகளையும் எடுத்துவந்து பக்கத்தில் பரப்புங்கள். கடைக்கு போன் செய்யுங்கள். "இது எதற்குப் பதிலாக வந்தது? எதை நிறுத்த வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை போனை வைக்காதீர்கள். பிறகு மாடி ஏறிப்போய், இறங்க முடியாத அந்த அண்டை வீட்டாருக்காகவும் கேளுங்கள்.