அண்ணனுக்காக அவள் சொன்ன "நான்"

நாடாளுமன்றப் பேச்சைச் சைகை மொழியில் சொல்வது அவள் வேலை. தொலைக்காட்சித் திரையின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள் கறுப்புச் சட்டையோடு நிற்பாளே, அவள்தான். அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாய் திறந்து பேசுமுன்பே அவள் கைகள் அவனோடு வம்பிழுக்கப் பழகிவிட்டன.

அண்டை நாடுகளின் கூட்டமைப்பில் சேர்வதா என்று பேச்சு எழுந்தது. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தச் சொன்னார்கள் பாதிப் பேர். "இவ்வளவு சிக்கலான விஷயம் ஜனங்களுக்குப் புரியாது, நாமே முடிவு பண்ணிடலாம்" என்றார் ஓர் உறுப்பினர். அவள் கை பிசகாமல் அதைச் சொன்னது. உள்ளூர அவளுக்கும் அதே எண்ணம்தான்.

மாலையில் வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த அண்ணன் முகம் கடுகடுவென்றிருந்தது.

"எனக்குப் புரியாதுன்னு நீயே சொல்றியே?" என்று கைகளால் கேட்டான்.

"நான் சொல்லலண்ணா, அவர் சொன்னார்."

"நான் பார்த்தது உன் கையைத்தான்."

"அத்தனை பெரிய ஒப்பந்தத்தை நீ உட்கார்ந்து படிப்பியாக்கும்?"

"அவங்க படிச்சுச் சொல்லட்டும். அதுக்குத்தானே அனுப்பினோம்? கடைசியில என்னையும் ஒரு வார்த்தை கேக்கட்டும்."

அதோடு விடவில்லை. பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் நாடாளுமன்றக் குழுவின் முன்னாலேயே போய் நின்றுவிட்டான். அன்று சைகையைக் குரலில் சொல்வது அவளுடைய முறை. 'அவர் சொல்கிறார்' என்று நழுவ அந்தத் தொழிலில் இடமில்லை. அவன் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே பேச வேண்டும்.

"நான் வெல்டர். எனக்குப் புரியாதுன்னு இங்க சொன்னாங்க. புரியிற மாதிரி யாராவது சொல்லிப் பார்த்தீங்களா?"

அந்தக் கேள்வி தன் குரலிலேயே அவள் காதில் விழுந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

"நீங்க அலசுங்க, திருத்துங்க, எழுதுங்க. அது என்னால ஆகாது. எழுதி முடிச்சதும் எங்ககிட்ட கொண்டு வாங்க."

குழுத் தலைவி பேனாவைக் கீழே வைத்தார். "இதையேதான் இன்னும் பல பேர் கேட்டிருக்காங்க" என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில், நிபந்தனைகளை நாடாளுமன்றம் முடிவு செய்வது, பிறகு மக்கள் வாக்களிப்பது என்று தீர்மானமானது. ஒப்பந்தத்தை விளக்கும் சைகை மொழிப் படங்களில் அவள்தான் தோன்றினாள். முதலில் அண்ணனுக்குத்தான் போட்டுக் காட்டினாள். "இந்த இடம் வழவழன்னு இருக்கு" என்று அவன் படுத்திய பாட்டில் பாதியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

சேர்வதென்றே மக்கள் வாக்களித்தார்கள். வேண்டாம் என்று போட்ட அண்ணன் கொஞ்ச நாள் உம்மென்று திரிந்தான். பிறகு ஒரு காலை, அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது தோளைத் தட்டினான்.

"வெளிநாட்டு வெல்டருங்க வந்தா எங்க வேலை என்ன ஆகும்? குழுவுல கேக்கணும். உன் முறை எப்ப?"

"வியாழக்கிழமை" என்று கைகளால் சொன்னாள் அவள், சீப்பைக் கீழே போட்டுவிட்டு.