பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்

என் மகளுக்கு ஐந்து வயது. காலையில் பாலர் பள்ளிக்குப் புறப்படும்போது அவளை வாசலில் நிறுத்தி எச்சரிக்கைகள் சொல்லுவேன். காருக்குப் பின்னால் நிற்காதே. தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே. தெரிந்தவர் கொடுத்தாலும் என்னைக் கேட்காமல் வாங்காதே. அவள் போன பிறகு, கடைசியாகச் சொன்னது சரிதானா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். தெரிந்தவர் என்றால் அவளுடைய அப்பாவும் சேர்த்தியா? மறுநாள் திருத்திச் சொல்லுவேன். அவள் குழம்பிப்போய் என்னைப் பார்ப்பாள்.

இந்தக் குணம் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா ஒரு கட்டுப்பாடு சொன்னால், அது போதாதோ என்று அதன்மேல் இன்னொரு பூட்டும் போடுவார். அப்படி அவர் போட்ட ஒரு பூட்டைப் பத்து வயதில் நான் எவ்வளவு ஒழுங்காகக் காத்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதுவேன். மறைத்துப் பயனில்லை.

அப்போது நாங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்தில் குடியிருந்தோம். ரப்பர் எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறி வெகுகாலமாகிவிட்டது. பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். அப்பா தினமும் விடியுமுன் பஸ்ஸேறி ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார். ஆனால் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த மலையை மட்டும் யாரும் தொடவில்லை. சரிவு அதிகம் என்று செம்பனை நடாமல் விட்டார்கள். பால் வெட்டுவாரில்லாத கித்தா, அதாவது ரப்பர் மரங்கள் படிப்படியாக வெட்டிய வரிசைகளில் உச்சிவரை நின்றன. சில மரங்களில் பால் பிடிக்கும் மங்குகள் கம்பியோடு தொங்கி, மழைத் தண்ணீரில் கொசுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தன.

எங்கள் ஊரில் குளிர்காலம் என்றால் வருடக் கடைசி மழைதான். டிசம்பர் மாதம், பள்ளி விடுமுறை. காலை ஒன்பது மணிவரை மலை வெள்ளைக்குள் மறைந்திருக்கும். கோவில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு கேட்கும். குளிப்பதற்கு எல்லாரும் அழுவோம்.

பக்கத்து வீட்டுச் சுமதிக்குப் பன்னிரண்டு வயது. அவள் தங்கை தேவிக்கு எட்டு. ஜனவரியில் அவர்கள் குடும்பம் ஈப்போ ஓரத்து ஜெலாப்பாங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு மாறப்போகிறது. மலையுச்சியில் நின்றால் ஈப்போ தெரியும் என்று யாரோ சொல்ல, தன் புதுவீடு எங்கே இருக்கிறது என்று பார்த்தே தீருவேன் என்றாள் சுமதி. தோழி போகப்போகிறாளே என்று நானும் கெஞ்சினேன். அம்மா இரண்டு நாள் யோசித்து, பன்னிரண்டு மணிக்குள் திரும்புவதென்றால் போகலாம் என்றார். பிறகு விதிகளைச் சொன்னார்.

அடிவாரத்து முனியாண்டி கல்லில் உத்தரவு கேட்காமல் ஏறக்கூடாது. எதையும் பறிக்கக்கூடாது. மூவரும் பிரியக்கூடாது. இவை எல்லா வீட்டிலும் சொல்வதுதான். காட்டுக்குள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. அங்கே கேட்டுக்கொண்டிருப்பது பெயரைக் கற்றுக்கொள்ளும். பிறகு அதுவே நமக்குத் தெரிந்தவர் குரலில் கூப்பிடும். மூன்று தடவை கூப்பிட்டால் மனிதர், அதற்குக் குறைந்தால் வேறு என்று மற்ற வீடுகளில் சொல்வார்கள். அம்மாவுக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கையில்லை.

"மூணு தடவ கூப்பிட்டாலும் வாயத் தொறக்காத. அதுக்கு எண்ணத் தெரியாதுன்னு யாரு பாத்தா?" என்றார். "என் குரல்ல கூப்பிட்டாலும் சரி. அப்பா குரல்ல கூப்பிட்டாலும் சரி."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பள்ளி விளையாட்டுச் சட்டைக்கு மேல் ஆளுக்கொரு ஸ்வெட்டர். முனியாண்டி கல்லில் சூடம் காட்டிவிட்டு, காட்டுக்குள் கூப்பிட வேறு பெயர் வைத்துக்கொண்டோம். கையில் இருந்ததுதான் பெயர். பிளாஸ்க்கைத் தூக்கிய சுமதி கோப்பி. ரொட்டியைத் தூக்கிய நான் ரொட்டி.

"ஏன்லா எனக்கு மட்டும் சார்டின்?" என்றாள் தேவி.

"நீதான டின்ன தூக்கிட்டு வார," என்றாள் சுமதி.

"நாத்தம் புடிச்ச பேரு. நான் ரொட்டியாவே இருக்கேன்லா."

"ரெண்டு ரொட்டி இருந்தா பேய்க்குக் குழம்பிரும். வா சார்டின்."

ஏறுவது எளிதாக இருந்தது. ஈரச் சருகு, கால்விரல் இடுக்கில் அட்டை, மூச்சு விட்டால் புகை. அந்தப் புகையை ஊதி ஊதி மூவரும் சிகரெட் பிடிக்கும் தோட்டத்து அலுவலகக் கிராணி மாதிரி நடந்து காட்டினோம். உச்சிக்குப் போனபோது ஒன்றும் தெரியவில்லை. ரொட்டிக்குள் மீனை வைத்துத் தின்றபடி உட்கார்ந்திருந்தோம். பிறகு கொஞ்ச நேரம் மேகம் விலகியது. தெற்கே சுண்ணாம்பு மலைகள் வெள்ளையும் பச்சையுமாக நின்றன. அவற்றின் காலடியில் ஏதோ கூரைகள் மின்னின.

"அதோ, அதான் எங்க வீடு," என்றாள் சுமதி.

"எதுடி?"

"அந்த வெள்ளயா தெரியுதே."

எல்லாமே வெள்ளையாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் ஆமாம் என்றேன். எழுந்து நின்று அதைப் பார்த்துக் கை கூட ஆட்டினோம்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குக் குதித்த தேவி, பெரணிச் செடி மூடிய குழியில் கால் வைத்தாள். கணுக்கால் பந்துபோல் வீங்கிவிட்டது. இரண்டு பக்கமும் தாங்கி, பாதி மலையில் இருந்த பழைய ரப்பர் பால் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். அதில் பாதிக்குத்தான் தகரம் இருந்தது. அந்தப் பாதிக்குக் கீழே ஒடுங்கி உட்கார்ந்தோம். மழை நின்றதும் மேகம் மறுபடி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை.

"நான் மட்டும் இறங்கிப் போயி ஆள கூட்டிட்டு வாரேன்," என்றாள் சுமதி.

"பிரியக்கூடாது," என்றேன்.

"மணி ஒன்னாச்சுலா!"

"பிரியக்கூடாது."

அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என்னைவிடத் தைரியசாலி. ஆனால் என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இன்றுவரை அந்த முடிவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அந்த மேகத்தில் அவள் தனியாக இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? சரிதான் என்று ஒரு நாள் தோன்றும். இல்லை என்று மறுநாள் தோன்றும்.

இரண்டரை மணிக்குக் கீழேயிருந்து என் பெயர் கேட்டது.

ஒரு ஆண் குரல். அப்பாவின் குரல் மாதிரி இருந்தது. பிறகு இன்னொரு குரல், "சுமதி! தேவி!" என்றது.

சுமதி துள்ளி எழுந்தாள். "எங்கப்பாடி!"

நான் அவள் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தேன். "உங்கப்பா சனிக்கிழம எங்க இருப்பாரு?"

"லோரி ஓட்டிட்டு இருப்பாரு."

"எந்த ஊர்ல?"

"கோலா கங்சார்ல." சொல்லிவிட்டு அவளே மெல்ல உட்கார்ந்தாள்.

என் பெயர் மறுபடி கேட்டது. மூன்றாவது முறை. நான்காவது முறை. எண்ணத் தெரிந்த ஒன்றுதான். நான் கூர்ந்து கேட்டேன். அப்பாவுடையது பரேட்டில் கட்டளை போடுகிறவர் குரல், லயத்துக்கு இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடிக்குக் கேட்கும். இந்தக் குரலோ என் பெயரின் கடைசி எழுத்தில் உடைந்து நடுங்கியது. அழுகிற குரல் போல. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. சந்தேகம் தீர்ந்தது.

தேவி "அப்..." என்று வாயைத் திறந்தாள். மிச்சமிருந்த ரொட்டியை அதற்குள் திணித்தேன். அவள் கண்ணில் நீர் வழிய மென்றுகொண்டிருந்தாள். குரல்கள் எங்களுக்கு நேர் கீழே வந்தன. சருகு மிதிபடுவதுகூடக் கேட்டது. பிறகு அடுத்த சரிவுப்பக்கம் திரும்பி, சிறுத்து, நின்றுவிட்டன. நான் சுமதியின் கையையும் தேவியின் கையையும் பிடித்திருந்தேன். குரல்கள் அடங்கியும் விடவில்லை.

அடுத்து நடந்ததை அம்மா பின்னாளில் சொல்லித்தான் அறிந்தேன். சரியான நேரத்துக்கு நாங்கள் வராததால் அம்மா அப்பாவின் தொழிற்சாலைக்கும் சுமதி அப்பாவின் லோரி கம்பெனிக்கும் போன் போட்டிருக்கிறார். இரண்டு அப்பாக்களும் பாதி வேலையில் ஓடிவந்து மலையேறியிருக்கிறார்கள். அம்மா முனியாண்டி கல்லருகே நின்றிருக்கிறார். அதைத் தாண்டி அவர் ஒருநாளும் போனதில்லை. ஆண்கள் இறங்கிவந்து, எவ்வளவு கத்தியும் பதில் இல்லை என்று சொன்னதும், சுமதியின் அம்மா மண்ணில் விழுந்து அழுதிருக்கிறார். அம்மா மட்டும் அழவில்லையாம்.

"கூப்பிட்டா வராது. நான்தான் சொல்லி வச்சேன்," என்று சொல்லிவிட்டுச் சிலிப்பரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மலையேறத் தொடங்கியிருக்கிறார்.

எங்களுக்குக் கேட்டதெல்லாம் இதுதான். வெள்ளை மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். அது யாரையும் கூப்பிடவில்லை. திட்டிக்கொண்டே வந்தது.

"குடிச்ச கோப்பி மங்கு அங்கயே கெடக்கு! யாரு கழுவுறது? ஊற வச்ச துணி வாளியிலயே கெடக்கு! நேத்து சொல்லி இன்னிக்கும் கோழிக்கூட்ட சாத்தல!"

சுமதி என்னைப் பார்த்தாள். நான் யோசித்தேன். பெயரைக் கற்றுக்கொள்ளலாம். கோழிக்கூட்டைக்கூட எட்டிப் பார்த்திருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை.

குரலுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் நின்று, மறுபடி தொடங்கியது. "கடேசி பரீச்ச கணக்குப் பேப்பர தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வச்சது எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா? நாப்பத்தெட்டு மார்க்கு! அப்பாகிட்ட காட்டாம! தலகாணியில வச்சுப் படுத்தா தூக்கத்துல கணக்கு ஏறிருமா?"

இதை எந்தப் பேயும் அறிந்திருக்க முடியாது. நான் சுமதிக்கே சொல்லவில்லை. மேலும், அநியாயமும் இருந்தது.

"நாப்பத்தொம்பதும்மா!" என்று கத்தினேன்.

மேகத்துக்குள் திட்டு நின்றது. பிறகு செடிகள் முறிபடும் சத்தம். காலெல்லாம் அட்டையும் சேறுமாக அம்மா வந்து நின்றார். என்னை அடிக்கவில்லை. மூன்று பேரையும் தலையிலிருந்து கால்வரை தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஒரு மார்க்குல என்னடி பெரும?" என்றார்.

பின்னாலேயே ஆண்களும் வந்துவிட்டார்கள். சுமதியின் அப்பா தேவியைத் தோளில் தூக்கிக்கொண்டு என்மேல் பாய்ந்தார். "தொண்ட கிழிய கத்துறோம். இங்கனதான இருந்துருக்கீங்க! ஏன் பதில் சொல்லல?"

"அவதான் சொல்லக்கூடாதுன்னா," என்று தேவி கையை நீட்டினாள். இன்னும் கன்னத்தில் ரொட்டித் துகள் ஒட்டியிருந்தது.

என்னைச் சுற்றிப் பெரிய முகங்கள். அப்பா முன்னால் வந்து என் தலையில் கை வைத்தார். "மச்சான், வுடுங்க. அவ அம்மா சொன்ன பேச்ச காப்பாத்திருக்கா. மூணு பேரும் பிரியாம ஒரே எடத்துல இருந்துருக்குதுங்க. பத்து வயசுப் பிள்ள வேற என்ன செய்யணும்?"

மலை இறங்கும்வரை அந்தக் கை என் தலையைவிட்டு எடுபடவில்லை. லயத்து வாசல்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அப்பாவின் கையோடு அவர்கள் நடுவே நான் நடந்த நடை இருக்கிறதே, பிற்பாடு பட்டமளிப்பு விழா மேடையில்கூட அப்படி நடக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தலை பின்னும்போது அம்மா சொன்னார். "இனிமே யாரு கூப்பிட்டாலும் ஓன்னு பதில் சொல்லு. எங்கனாலும் சரி."

"காட்டுலயுமா?"

"காட்டுலயும்தான்."

"பேய் கூப்பிட்டா?"

"அதுக்கும் ஓன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்குறேன்."

எனக்கு அம்மாமேல் கொஞ்சம் இரக்கமாக இருந்தது. இவ்வளவு நல்ல விதியை, அதுவும் வேலை செய்து காட்டிய பிறகு, இப்படிக் கைவிட்டுவிட்டாரே என்று நினைத்தேன். அம்மாவுக்கு உறுதி குறைந்துவிட்டது, எனக்கு இருக்கிறது என்று தோன்றியது.

அன்று மாலை அப்பா வேலை முடிந்து வந்தபோது, பசியாறக்கூட விடாமல் அவரிடம் என் சாமர்த்தியத்தை விளக்கினேன். நீங்கள் வருமுன் ஒன்று உங்கள் குரல் மாதிரியே கூப்பிட்டது, ஆனால் கடைசியில் நடுங்கியது, அதை வைத்துத்தான் நான் ஏமாறவில்லை என்றேன். அப்பா பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் அவிழ்த்தார்.

"அப்படியாம்மா," என்றார். "எனக்கு அது தெரியல."

தனக்கே தெரியாத ஒன்றை மகள் கண்டுபிடித்துவிட்டாளே என்று அவர் வியந்துபோனதாக எடுத்துக்கொண்டேன். சுமதியின் குடும்பம் லோரியேறிய அன்று, புது ஊரில் பயன்படட்டும் என்று அவளைத் தனியே கூப்பிட்டு அதைச் சொல்லியும் கொடுத்தேன்.

"அப்பா குரல்ல கூப்பிட்டா நல்லா கேளு. நடுங்குச்சுன்னா அது உங்கப்பா இல்ல."

சுமதி தலையாட்டினாள். நாங்கள் இருவரும் அதை வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம்.