மிலிட்டரி பாட்டிலில் மிஞ்சிய தண்ணீர்

நனைந்த கம்பளித் துணியின் வாடை இன்றும் என் மூக்கில் நிற்கிறது. காக்கிக் கம்பளி போர்த்தி, தோளில் வாரோடு தொங்கும் அந்த அலுமினியக் குடுவைக்கு எங்கள் தெருவில் "மிலிட்டரி பாட்டில்" என்று பெயர். கம்பளியை நனைத்துவிட்டால் வெயிலிலும் உள்ளே தண்ணீர் குளிர்ந்திருக்கும். ஆகவே எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறையின்போது, அம்மாவின் தம்பியான மாமாவும் மஞ்சுளா அக்காவும் நானும் அண்ணாமலையின் உச்சிக்கு ஏறியபோது, அது ஒன்றையே நம்பிக் கிளம்பினோம்.

வாசலில் அம்மா சொன்னாள்: "தூக்கிக் குடிங்க. வாய் வெச்சு எச்சில் பண்ணிடாதீங்க."

சமதரையில் அண்ணாந்து குடிப்பது எங்களுக்குக் கைவந்த கலைதான். மலைச்சரிவில், இரைக்கும் மூச்சோடு, குறுகிய வாயிலிருந்து "குபுக்"கென்று பாயும் நீரைத் தொண்டைக்குள் வாங்குவது அவ்வளவு எளிதா? தொண்டைக்குள் போனதைவிடச் சட்டைக்குப் போனதே அதிகம். உச்சியைத் தொட்டுவிட்டுப் பாதி வழி இறங்குகையில் பாட்டிலின் அடியில் கொஞ்சமே தளும்பியது. நிழலற்ற பாறையொன்றில் அக்கா கண் இருண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாமா அவள் வாய்க்கு மேலே பாட்டிலைச் சாய்த்தார். நீர் மூக்கில் ஏற, அவள் இருமினாள். "போச்சு, இன்னும் கம்மியாயிடுச்சு" என்ற மாமாவின் முகம் வெளுத்தது. பேச்சுப் போட்டிகளில் எந்தத் தரப்பையும் நிலைநாட்ட வல்லவனாகிய நான், ஆபத்துக் காலத்தில் எச்சில் குற்றமாகாது என்பதற்குக் காரணங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"டேய், மைக் இல்லாமயே இவ்ளோ பேச்சா? இங்க குடு!"

பாட்டிலைப் பிடுங்கிய அக்கா, வாய் வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தாள். பிறகு மாமாவிடம் நீட்டினாள். "நீங்களும் குடிங்க மாமா. அம்மாகிட்ட இவன் பேசிக்குவான்." மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் குடித்தார், மிச்சத்தை நானும் குடித்தேன். அக்காவின் முகத்தில் மெல்ல உயிர் திரும்பியது. கீழே சுனையைக் கண்டதும் மூவரும் முகம் புதைத்துக் குடித்தோம்.

வீட்டில் நான் வாதத்தைத் தொடங்குமுன்னே அக்கா நடந்ததைச் சொல்லிவிட்டாள். "நல்லபடியா வந்துட்டீங்களே, அது போதும்" என்று அவளுக்கு மோர் கொடுத்துவிட்டு, அம்மா பாட்டிலைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள்.

அந்தக் கம்பளியை எப்போதோ பூச்சி அரித்துவிட்டது. இன்று கிரிவலப் பாதையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில். சிந்துவாரும் இல்லை, பங்கிடுவாரும் இல்லை. சென்ற பௌர்ணமியன்று அடி அண்ணாமலை அருகே அக்கா தன் பாட்டிலில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, துடைக்காமலே என்னிடம் நீட்டினாள். காரணம் எதையும் அடுக்காமல் வாங்கி, வாய் வைத்துக் குடித்தேன்.