ரப்பர் சுற்றிய பிடி

என் கை சிறியது. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஆறே முக்கால் அங்குலம். இதை முதன்முதலில் அளந்தது ரங்கூனில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், பசுந்தாங் ஓடைக்கரை அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது. போன வாரம், எண்பத்தொரு வயதில், மறுபடி அளந்தேன். கால் அங்குலம் குறைகிறது. வயதானால் கை சுருங்குமா, அன்றைக்குப் பயத்தில் தப்பாக அளந்தேனா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று அளக்கவேண்டி வந்தது ஒரு கைத்துப்பாக்கியால்.

எங்கள் ஆலைக்கு ஒரு மோட்டார் லாஞ்சு இருந்தது. மேலே ஆற்றுக் கிளைகளில் போய் நெல் பார்த்து வாங்கிவரும். வழியில் கொள்ளைக்காரர்கள் உண்டு என்பதால், அதில் போகிற ரைட்டர் இடுப்பில் ஆலைத் துரையின் கைத்துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு போகவேண்டும். லைசென்ஸ் துரையின் பெயரில் இருந்ததால், வேறு ஒருவன் அதை எடுத்துப்போவதென்றால் அவன் பெயரையும் அதில் எழுதவேண்டும். எழுதுமுன் போலீஸ் இன்ஸ்பெக்டர் முன்னால் சுட்டுக்காட்டவேண்டும். இருபது கஜத் தூரத்தில் ஒரு பலகை. ஆறு குண்டு. நாலு படவேண்டும்.

அந்த வேலைக்கு ஆலை வளாகத்திலேயே இரண்டு அறை உண்டு. நானும் மனைவியும் அப்போது லான்மடாவில் ஒரு மாடியில், சாக்குத் திரை கட்டிப் பிரித்த ஒரு பாதி அறையில் இருந்தோம். அதே தளத்தில் வேறு பதினொரு பேர். குழாய் ஒன்று, கீழே, இருபத்தேழு படி இறங்கி. மனைவிக்கு ஏழாம் மாதம். குடத்தோடு அவள் படியேறும்போது நான் மேலே நின்று படிகளை எண்ணுவேன். பத்தொன்பதாவது படி உடைந்திருந்தது. பத்தொன்பது தாண்டும்வரை எனக்கு மூச்சு வராது.

துரை என்னைக் கூப்பிட்டு, லாஞ்சு ரைட்டர் வேலை உனக்கு, பதினாறு நாளில் இன்ஸ்பெக்டரிடம் சுட்டுக்காட்டு, தவறினால் வேறு ஆளைப் போடுவேன் என்றார். பழகிக்கொள்ளப் பதினெட்டுத் தோட்டா கொடுத்தார்.

அந்த லாஞ்சில் எனக்கு முன்பு போய்வந்தவருக்கு எட்டு விரல்கள். இப்போது எடை போடும் கொட்டகையில் இருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"பணத்துக்கா அண்ணே கொள்ளைக்காரங்க வந்தாங்க?"

"பணமா? பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கல. துப்பாக்கிக்கு வந்தானுக. அவனுகளுக்கு எங்கேயும் கிடைக்காத சாமான் அது. அது என் கையில இருந்துச்சு, அதனால நேரா என்கிட்ட வந்தானுக."

"நீங்க சுடலையா?"

"சுட்டேன், ஒண்ணு. துப்பாக்கி ஆகாயத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அதைக் கீழே இறக்குறதுக்குள்ள டா வந்து விழுந்துருச்சு." டா என்பது பர்மாக்காரர்களின் நீளக் கத்தி. "லாஞ்சுக்குள்ளேயே துப்பாக்கி விழுந்துது. ரெண்டு விரலும் கூடவே விழுந்துது. லாஞ்சு ஓட்டுற சாரங்கு அதைப் பின்னால எடுத்துட்டான், தப்பிச்சோம். முதல் குண்டை எவனும் சுட்டுடுவான் தம்பி. ரெண்டாவது குண்டுக்குள்ள கை நிலைக்கு வரணும். என் கை வரல."

அதே துப்பாக்கிதான் எனக்கு வந்தது.

அன்று முதல் எனக்கு இரண்டு பயம். பலகையில் நாலு படாவிட்டால், இருபத்தேழு படி, பத்தொன்பதாவது படி, அதன்பிறகு பிள்ளை. நாலு பட்டால், திங்கட்கிழமைதோறும் ஆற்றுக் கிளைகளில், என்னைத் தேடிவரச் செய்கிற பொருளை நானே இடுப்பில் கட்டிக்கொண்டு. எது பெரிய பயம் என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஏழு வரி வந்தது.

துப்பாக்கியை ஆலைத் தராசில் வைத்துப் பார்த்தேன். குண்டில்லாமல் இரண்டு ராத்தல் ஆறு அவுன்ஸ். குழாய் நீளம் ஆறு அங்குலம். வாய் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. என் சுண்டுவிரல் நுனி உள்ளே போகும். நடுவில் மடங்கித் திறக்கும். திறந்ததும் காலித் தோட்டாக்கள் ஆறும் தாமாக எழும்பி வரும். பிடியின் இரு பக்கமும் கரடுமுரடான கறுப்புப் பலகை. அடிப்பக்கம் அகலமாக, பெரிய ஆளின் கைக்கென்று செய்தது. என் விரல்கள் சுற்றி வந்து உள்ளங்கையைத் தொடவில்லை. முக்கால் அங்குலம் மிச்சம் நின்றது.

ஆலைக்குப் பின்னால் ஓடையை ஒட்டி உமி மலையாகக் குவிந்திருக்கும். அதில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் முதல் ஆறையும் சுட்டேன். கூட நின்றவர் ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற பிட்டர். கீழக்கரைக்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர். முதல் உலகச் சண்டைக் காலத்தில் மெசபடோமியாவில் பட்டாளத்து ஆயுதப் பட்டறையில் மூன்று வருஷம் இருந்தவர்.

துப்பாக்கி பின்னால் உதைக்கும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். பின்னால் மட்டும் அல்ல. வாய் மேலே எழும்புகிறது, பிடி உள்ளங்கைக்குள் கீழ்நோக்கி உருளுகிறது, விசைக்குப் பின்னால் இருக்கிற இரும்பு வளையம் நடுவிரல் கணுவில் சுத்தியல்போல் அடிக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு அடி, ஒரே இடத்தில். ஆறாவதில் கண்ணீர் வந்துவிட்டது.

பிட்டர் போய்ச் சாக்கைப் பார்த்துவிட்டு வந்தார். "ரைட்டரே, உமியெல்லாம் செத்துப்போச்சு. சாக்கு சௌக்கியமா இருக்கு."

"பிடி பெரிசு. அதான். இதைச் சின்னதாக்கணும்."

"சின்னதாக்கினா கையில அடங்கும். சுட்டா அடங்காது."

"நான் அளந்து வச்சிருக்கேன். அரை அங்குலம் குறைச்சா விரல் சரியாச் சுத்தி வருது."

"அளந்தவரே சொல்றீங்க, நான் யாரு தடுக்க?"

கறுப்புப் பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, தேக்கில் மெல்லியதாக இரண்டு பலகை இழைத்து, எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தார். கையில் எடுத்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கைக்கென்றே பிறந்ததுபோல் இருந்தது. அலுவலகத்தில் யாரும் இல்லாதபோது காலித் துப்பாக்கியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். அந்த இரண்டு நாள் மட்டும் கொஞ்சம் தூங்கினேன்.

மூன்றாம் நாள் சுட்டேன். மெல்லிய பிடியில் உதைப்பு முழுவதும் ஒரு விரற்கடை இடத்தில் வந்து இறங்கியது. எண்ணெய் பூசிய மரம் ஈர மீன்போலக் கைக்குள் சுழன்றது. நாலாவது குண்டில், துப்பாக்கியின் பின்பக்கம் தோட்டாவை அடிக்கிற சுத்தியின் முனை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கித் தோலைக் கிழித்துவிட்டது. மீதி இரண்டைச் சுட முடியவில்லை. பதினெட்டில் ஆறும் நாலும் போக எட்டு. நாள் பதினொன்று.

வீட்டில் மனைவி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள்.

"இந்தக் கையால சோறு பிசைவீங்களா? கரண்டி முள்ளு வாங்கித் தரட்டுமா, துரை மாதிரி?"

"சிரிக்காதே. பதினோரு நாள்தான் இருக்கு."

"சிரிக்கலீங்க. கை இப்படி நடுங்குதே, அது வலியிலயா, வேறெதுலயாவதா?"

"வலியிலதான்."

அவள் முடிச்சைத் திருப்பி மறுபக்கம் வைத்து ஒற்றினாள்.

பிட்டர் என் காயத்தைப் பார்த்து, நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. அது எனக்கு அவரிடம் பிடித்த குணம். "கையில சும்மா வச்சுக்கிறதுக்கு ஒரு பிடி. சுடறதுக்கு வேற பிடி. தடிமன் இருந்தா அடி உள்ளங்கை பூராவும் பரவும். பாருங்க, நான் செய்யுறேன்" என்றார். பழைய கறுப்புப் பலகைகளையே மாட்டினார். விசை வளையத்துக்குப் பின்னால் என் நடுவிரல் அடிபடுகிற இடைவெளியில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி அடைத்தார். மேலே பழைய சைக்கிள் டியூபை வெட்டி, இழுத்து, முதுகுப்பக்கம் இரட்டையாக வரும்படி சுற்றினார். அசிங்கமாக இருந்தது. விரல் முன்னைவிடக் குறைவாகத்தான் சுற்றியது. ஆனால் பிடித்தால் ஒட்டிக்கொண்டது.

எட்டுக் குண்டில் முதல் இரண்டையும் சுட்டேன். நம்ப முடியவில்லை. யாரோ உள்ளங்கையை வைத்து என் உள்ளங்கையைத் தள்ளியதுபோல் இருந்தது. கணுவில் அடி இல்லை, தோல் பிய்யவில்லை. ஆனால் இரண்டும் உமிக்குத்தான் போயின.

அடுத்ததற்குப் பிட்டர் துப்பாக்கியை வாங்கி, எனக்குக் காட்டாமல் சில துளையில் குண்டு போட்டு, சில துளையைக் காலியாக விட்டுத் தந்தார். காலித் துளையில் சுத்தி விழுந்தபோது, சத்தமே இல்லாமல், துப்பாக்கியின் வாய் ஒரு சாண் கீழே குனிந்தது. உதைக்கவே இல்லை. நான்தான் குனிந்தேன்.

"பாத்தீங்களா? துப்பாக்கி சும்மாதான் இருக்கு. நீங்கதான் அதை உதைக்கிறீங்க. ரைட்டரே, சுடறதுக்கு முன்னாடி என்னமோ முணுமுணுக்கிறீங்களே, ஓதுறீங்களா?"

"எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுல அழுத்துவேன்."

"ரெண்டுலயே உங்க கை கீழே போயிருது. எண்ணாதீங்க."

எண்ணாமல் எப்படி இருப்பது? எண்ணுவதை நிறுத்தினால் எப்போது வெடிக்கும் என்று தெரியாது. தெரியாமல் நிற்பது அதைவிடப் பயம். மெதுவாக எண்ணிப் பார்த்தேன், மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். மீதி ஆறில் மூன்று சாக்கில் பட்டது. தோட்டா தீர்ந்தது. நாள் ஐந்து.

பரீட்சை வெள்ளிக்கிழமை. அன்று காலை மனைவி கோயிலுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று கேட்டாள்.

"என்னங்க, அம்மன்கிட்ட என்னன்னு கேட்க? பாஸாகணும்னா, ஆகக்கூடாதுன்னா? ரெண்டையும் கேட்க முடியாது."

நான் சட்டைப் பொத்தானைப் போட்டேன். ஐந்து பொத்தான். போட்டு முடித்தபோது அவள் படியிறங்கியிருந்தாள்.

இன்சீன் போகும் வழியில் ஒரு வெட்டவெளி. மண் மேட்டுக்கு முன்னால் பலகை. இன்ஸ்பெக்டர் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பர்மாக்காரர். துப்பாக்கியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "சைக்கிளா?" என்று இந்துஸ்தானியில் கேட்டுச் சிரித்தார். ரப்பரைக் கழற்றச் சொல்வார் என்று பயந்தேன். கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றும் சொல்லவேண்டும். கழற்றச் சொன்னால் தோற்பதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதல் குண்டு பட்டது. பலகையில் ஓசை கேட்டது. இரண்டாவது மண்ணில். மூன்றாவது பட்டது. நாலாவது பட்டது, ஓரத்தில். ஐந்தாவது மண்ணில். அந்த ஐந்திலும் பிடி அசையவில்லை, கை வலிக்கவில்லை. இனிப் பிடியைக் குறை சொல்ல முடியாது என்று தெரிந்தது.

மூன்று பட்டாயிற்று. மிச்சம் ஒன்று. இது பட்டால் லாஞ்சு, படாவிட்டால் படிக்கட்டு. தூக்கிப் பிடித்தேன். எட்டு விரல்காரர் எடைக் கொட்டகையில் இடது கையால் சீட்டு எழுதுவது நினைவுக்கு வந்தது. மனைவி இந்நேரம் கோயிலில் நின்று என்ன கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேனே, இருந்த இரண்டில் எதைச் சொல்லியிருக்கவேண்டும் என்று நினைத்தேன். மண்ணில் விட்டுவிடலாம், ஒரு முழம் தள்ளினால் போதும் என்றுகூட நினைத்தேன். தள்ளுவதா வேண்டாமா என்று முடிவாகுமுன் வெடித்துவிட்டது.

எண்ணவில்லை. எண்ண மறந்துபோனேன். குண்டு பலகையின் நட்டநடுவில் இருந்தது.

"அச்சா," என்றார் இன்ஸ்பெக்டர்.

மேசைக்கு வந்து என் பெயர், தகப்பனார் பெயர், உயரம் எல்லாம் எழுதினார். அடையாளம் இரண்டு சொல் என்றார். இடது காதுமடலில் மச்சம் என்றேன். இன்னொன்று தோன்றவில்லை. அவரே என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரல் இடுக்கில் புதிதாக ஆறிவந்த தழும்பைப் பார்த்து எழுதிக்கொண்டார். ஆள் முகத்தோடு வந்து நிற்கும்போது காதுமடலையும் விரல் இடுக்கையும் யார் பார்க்கப்போகிறார்கள்? முகம் அடையாளம் தெரியாதபோதுதான் இவற்றைப் பார்ப்பார்கள். ஆற்றில் எத்தனை நாள் கிடந்தால் காதுமடல் போகும் என்ற கணக்கு மனசில் ஓட ஆரம்பித்தது. ஆலைக்குப் போய்ச் சேரும்வரை நிற்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மனைவி அடுப்பு முன்னால் இருந்தாள்.

"எத்தனை?"

"நாலு."

அவள் திரும்பவில்லை. "அந்த அறையில குழாய் உள்ளேயா, வெளியேயா?" என்றாள்.

"வாசல்லயே. படி கிடையாது."

"திங்கட்கிழமை லாஞ்சு எத்தனை மணிக்கு?"

"காலையில ஆறு."

அவள் தரையில் கையூன்றி மெல்ல உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கோயில்ல என்ன கேட்டே?"

"ஒண்ணும் கேட்கல. சும்மா நின்னுட்டு வந்தேன். நீங்கதான் எதுன்னு சொல்லவே இல்லையே."

சோறு பொங்கி மூடியைத் தள்ளியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள். அதில் வெள்ளி ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது.