ஹார்ட் டிஸ்குக்கு வைத்த சந்தனம்

அன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பதினோரு வயது. ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் அத்தையின் கம்ப்யூட்டர் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குள் எங்கள் ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலர் இருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. கணவர் லாரி விபத்தில் இறந்ததும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நெற்றியில் திருநீறு மட்டும் வைத்துக்கொள்வார். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்திருந்ததால் அப்பா பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். ஆறு மாதத்தில் பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள்களும் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகைகளும் அத்தையைத் தேடி வர ஆரம்பித்தன.

கும்பாபிஷேக மலரை அத்தையிடம் கொடுக்கக் கமிட்டியில் இரண்டு பேர் முகம் சுளித்ததாக அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கோயில் காரியத்த அந்தப் புள்ளகிட்டயா குடுக்கறதுன்னு கேக்கறாங்க." எழுத்துப் பிழை வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள் என நினைத்துக்கொண்டேன். அதனால் பள்ளி விட்டு வந்ததும் தினமும் ஓரிரண்டு பக்கம் பிழை பார்த்துக் கொடுத்தேன். மொத்தம் தொண்ணூற்றாறு பக்கம். நன்கொடையாளர் படங்கள் மட்டும் நூற்று நாற்பது. மூன்று மாத வேலை.

வியாழக்கிழமை ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போடத் தொடங்கியது. அது நின்றுபோனால் உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது என்று அத்தை சொன்னார். அத்தனை படங்களும் ஃபிளாப்பியில் அடங்காது. புது டிஸ்க் ஒன்றை வாங்கி, மலரை அதில் ஏற்றி, திங்கட்கிழமை சேலத்து அச்சகத்தில் டிஸ்கையே கொடுத்துவிடுவது என்று முடிவானது. சனிக்கிழமை சாயங்காலம் அப்பா அதைத் துண்டில் சுற்றிப் பேருந்தில் கொண்டுவந்து சேர்த்தார்.

மாட்டுவதற்கு வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு ஒயரிங் செய்பவர். ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டே பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

"இதென்ன பெரிய வித்தையா மச்சான்? ஒரே ஒயர்ல ரெண்டு லைட்டு எரியற கணக்குதான்."

மாட்டினார். சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி ஓரிடத்தில் நின்றன. டிஸ்க் எதுவும் இல்லை என்றது கம்ப்யூட்டர். புதியதைக் காணவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, பழையதையும் காணவில்லை. புதியதைக் கழற்றினால் பழையது வந்தது. மறுபடி மாட்டினால் இரண்டும் போயின. மூன்று முறை இப்படி. ஒவ்வொரு முறையும் பழையது முன்னைவிட அதிகமாகச் சத்தம் போட்டது.

"போதுங்க, இனி அதைப் போட்டுப் போட்டு அணைக்காதீங்க" என்றார் அத்தை. கதவருகே நின்றிருந்தார்.

"லாரியா இருந்தா நாலு பேர விட்டுத் தள்ளியாவது பாத்திருக்கலாம்" என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

அப்பா சேலத்துக் கடைக்காரருக்குப் போன் செய்தார். ரசீதில் அவர் வீட்டு எண்ணும் இருந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் பேசினார் போலிருக்கிறது. அவர் சொன்னதை அப்பா எங்களுக்கு உரக்கத் திருப்பிச் சொன்னார்.

"ரெண்டுமே நான்தான் முதலாளின்னு நிக்குதாமா. ஒண்ண வேலையாளாக்கணுமாமா. பின்னாடி ஊசியாட்டம் கம்பிக இருக்குதாம், அதுல ஒரு குட்டி மூடி மாட்டியிருக்குமாம். அத எடுத்து வேற எடத்துல மாட்டணும். எந்த எடம்னு டிஸ்குக்கு மேலயே படம் போட்டிருக்காம். பாத்துத்தான் மாட்டணுமாம்."

மேசைமேல் கழற்றி வைத்திருந்த புது டிஸ்கை எல்லோரும் பார்த்தோம்.

படம் தெரியவில்லை. புதுப் பொருள், அதுவும் கோயில் காரியத்துக்கு வந்தது என்று அம்மா காலையிலேயே அதைச் சாமி படத்தின் முன் வைத்துச் சந்தனம் பூசி, அதன்மேல் மூன்று குங்குமப் பொட்டு வைத்திருந்தார். வெள்ளைக் காகிதம் ஒட்டிய பக்கம்தான் அதற்கு முகம் என்று அம்மா முடிவு செய்திருக்க வேண்டும். காகிதம் முழுவதும் சந்தனம் காய்ந்து கிடந்தது.

"ஏனுங்கக்கா, ரேடியேட்டருக்கு வெக்கறாப்பல இத்தன தாராளமாவா வெப்பீங்க?" என்றார் மாமா.

"எனக்கென்னடா தெரியும், அதுக்குள்ள படம் இருக்குதுன்னு?"

"சரி, தொடச்சுட்டுப் பாக்கலாமா?"

அவர் கேட்டாரே தவிரக் கை நீட்டவில்லை. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வச்ச பொட்ட யாராச்சும் அழிப்பாங்களா? அதுவும் கும்பாபிஷேகத்துக்கு வச்சது." அப்பா நாள்காட்டியைப் பார்த்தார். எதற்காகப் பார்த்தார் என்று தெரியவில்லை. மாமா ஸ்க்ரூ டிரைவரை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். மணி இரண்டேகால்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. பாவாடை நுனியால் துடைக்க டிஸ்கின் பக்கம் கை நீட்டினேன். அம்மா பளீரென்று புறங்கையில் ஒன்று வைத்தார். "பொட்டப்புள்ள தொடற வேலையா அது?"

அப்போது அத்தை கதவருகிலிருந்து வந்தார். மேசையிலிருந்து டிஸ்கை எடுத்துக்கொண்டார்.

"நான் அழிக்கறேனுங்க அண்ணி. எனக்கு ஒண்ணும் ஆவாது."

முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, மெதுவாகத் துடைத்தார். முதலில் குங்குமம் போனது, பிறகு சந்தனம். வெள்ளைச் சேலையில்லை, இளநீலம். அதில் சிவப்புப் பரவியது. அம்மா "அம்மிணி" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி, கையிலிருந்த ரசீதை நான்காக மடித்தார்.

காகிதத்தில் இப்போது படம் தெரிந்தது. புள்ளிகள் இரண்டு வரிசை, நான்கு சதுரங்கள், ஆங்கிலத்தில் பொடி எழுத்து. அத்தையும் நானும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தோம். மூடி நெல்மணி அளவுதான் இருந்தது. மாமாவின் விரலுக்கு அது அகப்படவில்லை. அத்தை நகத்தால் நெம்பி எடுத்து, படத்தில் இருந்தபடி வேறு கம்பிகளில் மாட்டினார்.

மாமா டிஸ்கை மறுபடி மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் திரையில் முதல் வரியில் ஒரு பெயர் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அதன் கீழே இன்னொரு பெயர்.

"அட, கண்டுக்கிச்சுங்கோ!" என்று மாமா கூவினார். அத்தை இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். புது டிஸ்கைக் கடையிலேயே தயார் செய்து கொடுத்திருந்தார்கள். உடனே மலரை அதற்குள் அனுப்பத் தொடங்கினோம். திரையில் ஓர் உறையிலிருந்து இன்னோர் உறைக்குக் காகிதங்கள் பறந்தபடி இருந்தன. பழைய டிஸ்க் இடையிடையே டிக் டிக் என்றது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அத்தை மூச்சைப் பிடித்தார்.

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. எனக்கு ஒரு வழக்கு இருந்தது. அதே பொட்டு, அதே டிஸ்க். தொடப் போனதற்கே எனக்கு அடி. முழுவதையும் அழித்த அத்தையை அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது நியாயமா? அத்தையிடமே கேட்டேன்.

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "நான் பெரியவ இல்லியா சாமி? பெரியவங்கள யாரு அடிப்பா?"

பதில் எனக்கு ஏற்புடையதாக இருந்தது. மனம் ஆறிவிட்டது. அவரைச் சந்தோஷப்படுத்த ஏதாவது சொல்ல வேண்டும் போலத் தோன்றியது. மாமாவாலும் அப்பாவாலும் முடியாததைச் செய்தவர் அல்லவா?

"நானும் பெரியவளானா உங்களாட்டவே ஆவேனுங்க அத்தை. அப்புறம் எந்தப் பொட்ட வேணும்னாலும் நானே அழிப்பேன்."

சொல்லி முடிக்கவில்லை. அத்தையின் கை என் வாயை மூடியது. பல் உதட்டில் பதியும்படி அழுத்தினார். என்னை ஒருநாளும் அதட்டாதவர். மறுகையால் என் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். விலகப் பார்த்தேன், விடவில்லை. பாராட்டத்தானே செய்தேன், அதற்கு ஏன் தண்டனை என்று எனக்கு அழுகை வந்தது. ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தேன். இன்னும் பதினொரு நிமிடம் என்று காட்டியது.